தினமும் பாக்கெட்டில் வைக்க எந்த டார்ச்? முதலில் பேட்டரி செல்லைத் தேர்ந்தெடுங்கள்

டார்ச் வாங்கப் போகிறவரின் கண் முதலில் போவது லூமன் எண்ணின் மேல், அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவின் மேல். பெட்டியிலும் அதைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தினமும் பாக்கெட்டில் கிடக்கப் போகிற டார்ச்சுக்கு அந்த எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும். கட்டிலுக்கு அடியில் உருண்டு போன மாத்திரையைத் தேடவும், பூட்டில் சாவியை நுழைக்கவும், மேசைக்குப் பின்னால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்க்கவும் 5 முதல் 50 லூமன் தாராளம். கரன்ட் போன இரவில் அறைக்குள் நடமாட 30. தெருவிளக்கு இல்லாத பாதையில் நடக்க 100, மிஞ்சினால் 150. அதற்கு மேல் வேண்டியிருப்பது எப்போதோ ஒரு தடவை, அதுவும் சில நொடிகளுக்கு.

வெளிச்சம் இரண்டு மடங்காகிவிட்டது என்று கண்ணுக்குத் தோன்ற ஏறத்தாழ நான்கு மடங்கு லூமன் வேண்டும். 800 லூமன் டார்ச்சையும் 1000 லூமன் டார்ச்சையும் அடுத்தடுத்துச் சுவரில் அடித்துப் பாருங்கள், எது எது என்று சொல்வது கடினம். அந்த 200 லூமனுக்காகக் கூடுகிற தடிமனும் சூடும் மட்டும் கைக்கு நன்றாகவே தெரியும்.

போனில்தான் விளக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். அருகில் உள்ளதைப் பார்க்க அது போதும். ஆனால் அதில் குவிப்பு கிடையாது. வெளிச்சம் அகலமாகச் சிதறி, நாலைந்து அடிக்கு அப்பால் கரைந்துவிடும். பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வேலை பார்க்க முடியாது. கரன்ட் போன நேரத்தில் போனின் சார்ஜையும் குடித்துவிடும், பேச அந்தச் சார்ஜ் வேண்டிய நேரமும் அதுதான்.

செல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

டார்ச்சின் தடிமன், எடை, உச்ச வெளிச்சம், எத்தனை வருஷம் உழைக்கும் என்பதெல்லாம் உள்ளே போகிற செல்லைப் பொறுத்தவை. ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. செல்லின் வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி. அதை 100-ஆல் பெருக்கினால், அந்தச் செல் மொத்தமாகத் தரக்கூடிய வெளிச்சம் ‘லூமன் மணி’யில் கிட்டத்தட்ட வந்துவிடும். குறைந்த வெளிச்சத்தில் எல்இடி சிக்கனமாக எரிவதால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், உச்சத்தில் குறையும். இந்த ஒரு கணக்கை வைத்தே பெட்டிமேல் எழுதியிருப்பதில் பாதியைச் சரிபார்த்துவிடலாம்.

டிரிபிள் ஏ செல் 10.5 மில்லிமீட்டர் தடிமன், 44.5 நீளம். இதில் செய்த டார்ச் பேனா மாதிரி இருக்கும், சட்டைப் பாக்கெட்டில் வைத்தால் பாக்கெட் தொங்காது. 800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, அதாவது 0.8 ஆம்பியர் மணி) உள்ள, மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் என்றால் ஏறத்தாழ 1 வாட் மணி, அதாவது 100 லூமனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு ஐந்து நிமிஷம் பயன்படுத்துகிறவருக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. மருத்துவமனையில் வேலை செய்பவர்கள், மின்வேலை பார்ப்பவர்கள், சட்டைப் பாக்கெட்டை விட்டால் வேறு இடமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டபுள் ஏ 14.5 மில்லிமீட்டர் தடிமன், நீளம் 50.5. தடிமனில் 4 மில்லிமீட்டர்தான் கூடுகிறது, சக்தியோ இரண்டரை மடங்கு. 2000 எம்ஏஎச் செல்லில் 2.4 வாட் மணி, 100 லூமனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். எந்த ஊரில் எந்த நேரத்தில் தீர்ந்தாலும் மாற்றுச் செல் கிடைக்கும். இதே அளவில் 14500 என்ற லித்தியம் அயன் செல்லும் வருகிறது. அதில் 900 எம்ஏஎச்தான், ஆனால் வோல்டேஜ் 3.6. மொத்தச் சக்தி 3.2 வாட் மணி. சக்தியைவிட இங்கே வோல்டேஜ்தான் பெரிய விஷயம். வெள்ளை எல்இடி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். 1.2 வோல்ட் செல்லிலிருந்து அதை ஏற்றித் தருவது டிரைவர் சர்க்யூட்டின் வேலை. 3 வாட் வேண்டுமென்றால் 1.2 வோல்ட் செல்லிலிருந்து இரண்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். 3.6 வோல்ட்டில் ஒரு ஆம்பியர்கூட ஆகாது. அதனால்தான் ஒரே டார்ச் சாதாரண டபுள் ஏ போட்டால் 150, 200 லூமனும், 14500 போட்டால் 500-க்கு மேலும் தருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டும் ஒரே அளவு என்பதால் எல்லா டபுள் ஏ டார்ச்சிலும் 14500 போடக் கூடாது. முழு சார்ஜில் அது 4.2 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டிரைவர் கருகிவிடும். டார்ச்சின் குறிப்பில் 0.9 முதல் 4.2 வோல்ட் வரை என்றோ, 14500 ஏற்கும் என்றோ தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

அல்கலைன் செல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல டார்ச்சுகள் சாவது பெரும்பாலும் இதனால்தான். தீர்ந்துபோன அல்கலைன் செல்லை உள்ளேயே விட்டால் அதில் ஹைட்ரஜன் வாயு சேரும். அழுத்தம் தாங்காமல் அடைப்பு விட்டுக்கொடுக்க, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே கசியும். அது அலுமினியத்தை அரிக்கிற காரம். பின்மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொருக்கு தெரியும். செல்லும் உப்பிக் குழாயோடு ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் வராது. லேசான கசிவென்றால் வினிகர் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிறகு தண்ணீர் தோய்த்த குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட்டால் பிழைக்கும். மரை அரிக்கப்பட்டிருந்தால் காப்பாற்றுவது கடினம். தினமும் பயன்படுத்தும் டார்ச்சில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போடுங்கள், தானாகச் சார்ஜ் இறங்குவது குறைவான ரகமாகப் பார்த்து. காரிலும் அவசரப் பையிலும் கிடக்கும் டார்ச்சுக்கு, ஒரு தடவை மட்டும் பயன்படும் 1.5 வோல்ட் லித்தியம் செல். அது அல்கலைனைப் போலக் கசிவதில்லை, எடை 15 கிராம்தான், உறைகுளிரிலும் வேலை செய்யும்.

16340, 18350 போன்ற குட்டையான தடித்த லித்தியம் அயன் செல்கள் போட்ட டார்ச், கைக்குள் அடங்கி அழகாக இருக்கும். வெளிச்சமும் அதிரடியாக வரும். ஆனால் 16340-இல் 700 எம்ஏஎச் அளவுதான். உடம்பும் சிறியது என்பதால் சூடு சீக்கிரம் ஏறும். வாரம் இரண்டு தடவை சார்ஜ் போடச் சலிக்காதவருக்கு மட்டும்.

18650 என்ற நீளமான லித்தியம் அயன் செல் வேறு உலகம். 3500 எம்ஏஎச் செல்லில் 12.6 வாட் மணி. 100 லூமனில் பன்னிரண்டு மணி நேரம் எரியும், ஒரு மாதம் சார்ஜ் நினைப்பே வராது. விலையாகக் கொடுப்பது இடத்தை. செல் மட்டும் 47 கிராம் அளவுக்கு வரும். டார்ச்சோடு சேர்ந்தால் நூறு கிராமைத் தாண்டும், தடிமன் 23 மில்லிமீட்டரை ஒட்டி. ஜீன்ஸ் முன்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தால் தொடையில் உறுத்தும். இரவுக் காவல், வயல், நாயோடு தினம் நடை என்று இருட்டில் வெளியே நேரம் போகிறவருக்கு இந்த உறுத்தல் நியாயமான விலை. 21700 இன்னும் பெரியது, பைக்குத்தான் பொருந்தும். 18650 அளவில் 9900 எம்ஏஎச் என்று எழுதிய செல்லைக் கண்டால் தொடவே வேண்டாம். அந்த அளவுக்குள் சாதாரணமாக அடங்குவது 3500 எம்ஏஎச் வரைதான், மிகச் சிறந்தவை 4000-ஐத் தொடும்.

சாவிக்கொத்தில் மாட்டும், செல்லை மாற்ற முடியாத குட்டி டார்ச்சுகள் எடையே தெரியாமல் கூடவே வருகின்றன. அது பெரிய குணம். ஆனால் லித்தியம் செல் சில நூறு சார்ஜுக்குப் பிறகு தேய்ந்துவிடும். அத்தோடு டார்ச்சின் ஆயுளும் முடிந்தது. இரண்டாவது டார்ச்சாக வாங்கலாம், ஒரே டார்ச்சாக வேண்டாம்.

இத்தனையும் வைத்துப் பார்த்தால், என்ன வாங்குவது என்று கேட்கிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு டபுள் ஏ-யும் 14500-உம் இரண்டையும் ஏற்கும் டார்ச்தான் என் பதில். சாதாரண நாளில் 14500, சார்ஜ் தீர்ந்த நாளில் எந்த டபுள் ஏ-யும்.

வெளிச்சத்தின் தரம்

லூமன் என்பது மொத்த வெளிச்சம். அது எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டியில் போட்டிருக்கும் ‘தூரம்’ மீட்டரில் வரும். 2500 கேண்டெலா என்றால் 100 மீட்டர், 10,000 என்றால் 200. அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், முழுநிலா வெளிச்சம் அளவுதான். ஆள் யார் என்று தெரிய வேண்டுமானால் பாதித் தூரத்தை மட்டும் நம்புங்கள். பாக்கெட் டார்ச்சுக்கு 2000 முதல் 5000 கேண்டெலா அழகாகப் பொருந்தும். அதற்கு மேல் குவித்தால் நடுவில் கண் கூசும் புள்ளியும் சுற்றிலும் இருட்டுமாக, கைக்கெட்டும் தூரத்தில் எதையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

நிறம் இன்னும் முக்கியம், அதிகம் பேசப்படாததும் இதுதான். மலிவான எல்இடிகள் 6500 கெல்வினில் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) நீலம் கலந்த வெள்ளையாக எரியும். அவற்றின் நிறக்காட்டும் திறன், அதாவது சிஆர்ஐ, 70 அளவில் நிற்கும். இதில் பெரும்பாலும் அடிவாங்குவது சிவப்பு. சுவிட்ச்போர்டைத் திறந்து, பழுப்பு ஒயரும் சிவப்பு ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி வைத்து இந்த வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டும் ஒரே மண்நிறமாகத் தெரியும். சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள டார்ச்சை அதே இடத்தில் அடித்தால் சிவப்பு எழுந்து நிற்கும். உள்ளங்கையைக் காட்டினாலும் தெரிந்துவிடும்: ஒன்றில் கை சாம்பல் பூத்து நோயாளியின் கை போல, இன்னொன்றில் ரத்த ஓட்டத்தோடு. காயத்தைப் பார்க்கவும், துருவையும் எண்ணெய்க் கசிவையும் பிரித்துச் சொல்லவும் இந்த வித்தியாசம் வேண்டும். 4000 முதல் 5000 கெல்வின், சிஆர்ஐ 90-க்கு மேல் என்று தேடுங்கள். அதே கரன்ட்டுக்கு லூமன் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

வெளிச்சத்தைக் குறைக்கச் சில டார்ச்சுகள் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரிக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்துக்கு முன்னால் பென்சிலை வேகமாக ஆட்டினால், ஒரே கலங்கலாகத் தெரிய வேண்டிய பென்சில் பல துண்டுப் பென்சில்களாகத் தெரியும். சிலருக்கு இதனால் தலைவலி வரும். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் வேலை செய்பவர் இதைத் தவிர்த்தே ஆக வேண்டும். சுழல்வது நிற்பது போலத் தோன்றிவிடும்.

பெட்டியில் உள்ள எண்ணும் கையில் கிடைக்கும் வெளிச்சமும்

எஃப்எல்1 என்ற டார்ச் அளவீட்டுத் தரப்படி அளக்கிற நிறுவனங்கள், டார்ச்சைப் போட்ட 30-ஆவது விநாடியிலிருந்து 120-ஆவது விநாடிக்குள் லூமனை அளக்கின்றன. எரியும் நேரமோ, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. இந்த இரண்டு வரையறைக்கும் நடுவில் நிறைய ஒளிந்துகொள்ளும். ஒரு 18650 டார்ச் ‘1200 லூமன், 3 மணி நேரம்’ என்கிறது என்று வையுங்கள். பெருக்கினால் 3600 லூமன் மணி. முன்னே சொன்ன கணக்குப்படி அந்தச் செல்லில் இருப்பது 1260. நடப்பது என்னவென்றால், 1200 ஓரிரு நிமிஷம் நிற்கும், பிறகு 300, 400-க்கு இறங்கி மீதி நேரம் அதில் ஓடும். சூடு காரணம். 1000 லூமனுக்கு ஏறத்தாழ 10 வாட் போகிறது, அதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. விரல் தடிமனுள்ள அலுமினியக் குழாயால் அதைக் காற்றில் விட முடியாது. டார்ச் தானாக வெளிச்சத்தைக் குறைப்பது கோளாறு இல்லை, குறைக்காவிட்டால்தான் கோளாறு. கேட்க வேண்டியது, இறங்கிய பிறகு எத்தனை லூமனில் நிற்கிறது என்று. டபுள் ஏ அளவு உடம்பில் 150 முதல் 250 வரை நின்றால் நன்றாகச் செய்த டார்ச்.

உடம்புக்கு அலுமினியமே போதும். டைட்டானியம் கீறல் தாங்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்குகூட டைட்டானியக் கலவை கடத்தாது. தலை கொதிக்கும், வால் ஜில்லென்று இருக்கும், டார்ச் இன்னும் சீக்கிரம் வெளிச்சத்தைக் குறைக்கும். தாமிரம் வெப்பத்தை அருமையாகக் கடத்தும், எடைதான் அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

சுவிட்ச்

தினமும் தொடுவது இதை என்பதால், இதில் பிடிக்காத டார்ச் மற்ற எதில் சிறந்ததாக இருந்தாலும் மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

தலையைத் திருகி எரிப்பவை எளிமையானவை, கெட்டுப்போக உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் சிறியவை தவிர மற்றவற்றுக்கு இரண்டு கை வேண்டும். பின்பக்க அழுத்து சுவிட்ச் கையுறையோடும் வேலை செய்யும், இருட்டில் தடவினாலும் கிடைக்கும், அணைத்தால் கரன்ட் முழுவதும் துண்டிக்கப்படும். குறை, வெளிச்ச அளவை மாற்றப் பாதி அழுத்தம், மறுபடி அழுத்தம் என்று வரிசையாகப் போக வேண்டும். பக்கவாட்டு எலக்ட்ரானிக் பட்டனில், அணைந்திருக்கும்போது நீளமாக அழுத்தினால் மிகக் குறைந்த வெளிச்சம், ஒரு தட்டில் வழக்கமானது, இரு தட்டில் உச்சம் என்று நேரே போகலாம். எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

அந்தப் பட்டனுக்காக டிரைவர் எப்போதும் விழித்திருக்கும், கொஞ்சம் கரன்ட் குடிக்கும். 20 மைக்ரோ ஆம்பியர் என்றால் வருஷத்துக்கு 175 எம்ஏஎச், 18650-க்கு அது ஒன்றுமே இல்லை. டிரிபிள் ஏ டார்ச் 50 மைக்ரோ ஆம்பியர் குடித்தால் வருஷத்தில் பாதிச் செல் போய்விடும்.

பட்டன் பாக்கெட்டுக்குள் தானாக அழுந்துவது இதைவிடப் பெரிய தொல்லை. உச்சத்தில் எரியும் 18650 டார்ச் துணியோடு ஒட்டிக் கிடந்தால் துணி கருகும், தோல் சுடும். பட்டன் உடம்பு மட்டத்துக்குள் அமுங்கி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் அணைந்தே கிடக்கிறதா என்றும் பாருங்கள். மரையிலும் கரன்ட்டைக் கடத்தாத அனோடைஸ் பூச்சு இருந்தால்தான் இது நடக்கும். மரை வெள்ளையாகப் பளபளத்தால் தளர்த்தினாலும் கரன்ட் ஓடும்.

1 லூமனும் அதற்குக் கீழும் தருகிற ‘நிலவொளி’ அளவு கட்டாயம் வேண்டும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். நடு இரவில் எழுந்து 200 லூமனை அடித்தால் அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும், பக்கத்தில் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார். கடைசியாக எரிந்த அளவை நினைவில் வைத்து அதே அளவில் எரிகிற டார்ச் இந்த இடத்தில் காலை வாரும். எந்த நிலையிலிருந்தும் நேராகக் குறைந்த அளவுக்குப் போகும் வழி இருந்தால் சரி. பளிச்பளிச்சென்று மின்னும் முறை வழக்கமான வரிசைக்குள் வரவே கூடாது.

சார்ஜ், கிளிப், தண்ணீர்

டார்ச்சிலேயே யூஎஸ்பி-சி துளை இருப்பது வசதி. ஆனால் பல மலிவான டார்ச்சுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் வைக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை விட்டுவிடுகிறார்கள். அப்போது ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி-ஏ ஆக உள்ள கேபிளில் மட்டும் சார்ஜ் ஏறும். இரு முனையும் சி ஆக உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜர் கரன்ட்டே விடாது. டார்ச் செத்துவிட்டது என்று பலர் நினைப்பது இதனால்தான். துளையை மூடும் ரப்பர் பட்டை தளர்ந்தால் தண்ணீர்த் தடுப்பும் போச்சு. காந்தத்தில் ஒட்டும் சார்ஜரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தக் கேபிள் தொலைந்தால் வேறு எதுவும் பொருந்தாது, காந்தம் இரும்புத் தூளையும் சேர்த்து வைக்கும். செல்லைக் கழற்றி வெளிச் சார்ஜரில் போட முடிந்தால் எந்தக் கவலையும் இல்லை.

தண்ணீருக்கு ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிப்பு மட்டும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம். மழையில் நடக்கிறவர் 7-க்குக் குறையாமல் பாருங்கள். மரையில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அரிசி அளவு சிலிக்கோன் கிரீஸ் போதும். டார்ச் மினுங்கி மினுங்கி எரிந்தால் பத்துக்கு எட்டு தடவை காரணம் அழுக்கு. மரையின் விளிம்பையும் ஸ்பிரிங்கின் நுனியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பின்மூடியை இறுக்கித் திருகினால் சரியாகிவிடும்.

கிளிப் இல்லாத டார்ச் பாக்கெட்டின் அடியில் குறுக்கே படுத்துக்கொள்ளும், சாவியோடு உரசும், எடுக்கத் துழாவ வேண்டும். கிளிப் ஆழமாக இறங்கி, தலை மட்டும் விளிம்பில் நிற்க வேண்டும். வால் தட்டையாக இருந்தால் மேசையில் நிமிர்த்தி வைத்து வெள்ளைக் கூரையில் வெளிச்சம் அடிக்கலாம். 100 லூமனில் ஒரு அறை முழுக்க நிழலில்லாமல் வெளிச்சம் பரவும், சாப்பிடலாம், படிக்கலாம்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சிலவற்றைச் செய்துவிடுங்கள். சி-சி கேபிளில் சார்ஜ் ஏறுகிறதா பாருங்கள். முழுச் சார்ஜில் உச்ச வெளிச்சத்தைப் பத்து நிமிஷம் கையில் பிடித்தபடி ஓடவிடுங்கள், பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அதில் வெப்பக் கட்டுப்பாடு சரியில்லை. நள்ளிரவில் கண்ணைத் திறக்காமல் குறைந்த வெளிச்சத்தை மட்டும் எரிக்க முயலுங்கள். பிறகு இரண்டு நாள், வழக்கமாகப் போடும் உடையில், வழக்கமான பாக்கெட்டில். மூன்றாம் நாள் காலை கிளம்பும்போது அதை எடுக்கக் கை தயங்கினால், ஒரு அளவு சின்ன செல்லுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.